உள்ளறைத் தாழ்ப்பாள்

மழைக்காலம் வந்துவிட்டதா என்று எங்கள் மாடியில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. எதிர் வீட்டு ஈரக்கா தன் உள்ளறை ஜன்னல் இடுக்குகளில் காற்றுப் புகாமல் நாடா ஒட்ட ஆரம்பித்தால் மழைக்காலம். நாடாவை உரித்தால் மழை முடிந்தது. நடுவில் வானிலை அறிக்கை வாசிக்கிறவர்கள் என்ன சொன்னாலும் எங்களுக்கு அக்கறை இல்லை.

ஈரத்தை ஒழிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு ஈரக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோட்டு, கால்சட்டை தைப்பதும் பழையதைப் பிரித்துச் சரி செய்வதும் என் வேலை. தையல் மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காக என்று சொல்லிக்கொள்வேன். படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் பக்கத்து மழை லேசில் விடுகிற மழை இல்லை. சுவர் வியர்க்கும். செருப்பைக் கொஞ்ச நாள் போடாமல் விட்டால் தோலில் பச்சை படரும். பீரோவைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். அந்த மாதங்களில் தெருவில் இருக்கிறவர்கள் கம்பளிக் கோட்டு, தோல் பை, கேமரா, கிடார், பிள்ளைகளின் சான்றிதழ் என்று கெடக்கூடியதையெல்லாம் ஈரக்காவிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டில் இருப்பதே இரண்டு அறைகள். முன்னறையில் அடுப்பு, சாப்பாட்டு மேசை, அவளும் நகரப் பேருந்து ஓட்டும் அவள் புருஷனும் படுக்கிற மடக்குக் கட்டில். கட்டிலை விரித்தால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். நல்ல அறை, பெரிய ஜன்னல் வைத்த அறை, கோட்டுகளுக்கு.

அந்த அறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். வெளியே ஊரே நசநசவென்று இருக்கும்போது உள்ளே காகிதம் மொடமொடவென்று இருக்கும். கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். தரையிலும் பலகையிலும் வெள்ளை டப்பாக்கள். டப்பாவின் மேல் தட்டில் உப்புக் கல் மாதிரி ஒன்று போட்டிருப்பாள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, தானும் கரைந்து, கீழ்த்தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீராக இறங்கும். கோட்டுப் பைகளுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்கள். சுவரில் கடிகாரம் போல ஒரு ஈரமானி. அதன் முள் பச்சைப் பக்கம் இருக்கிறவரை ஈரக்கா மனுஷி. சிவப்புப் பக்கம் சாய்ந்தால் அவள் அருகே போகக் கூடாது.

"உள்ள போனா சட்டுனு வந்துடு தையலக்கா. நின்னு பேசாத" என்பாள் என்னிடம்.

"ஏன், கோட்டுங்க ஒட்டுக் கேக்குமா?"

"நீ பேசறப்போ மூச்சு விடறல்ல? கண்ணாடியில ஊதிப் பாரு, தெரியும். ஒரு ஆளு உள்ள படுத்துத் தூங்கி எந்திரிச்சா ஒரு டம்ளர் தண்ணி காத்துல கலந்திருக்கும்."

"அப்ப உன் வீட்டுல மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் விடணும்."

"அந்த ரூம்ல ஆமா" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அவள் நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கோட்டுக்குப் பொத்தான் வைத்து அப்போதுதான் ஈரக்காவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். படியில் டிரைவரின் தங்கை நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கையில் துணிப் பை. இன்னொரு கையில் அவள் மகள், நாங்கள் குட்டி என்று கூப்பிடுகிற பிள்ளை.

"அண்ணி" என்றாள்.

"அப்படியே நில்லு! உள்ள வராத! கோட்டு இருக்கு!" என்று கத்தினாள் ஈரக்கா.

தொழில் புத்தி முந்திக்கொண்டுவிட்டது. அடுத்த நிமிஷமே துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் இருவர் தலையையும் துவட்டினாள். ஆனால் வந்தவள் காதில் முதலில் விழுந்தது அந்த "உள்ள வராத"தான். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"என்னம்மா இப்படி திடுதிப்புனு? வீட்டுக்காரர் வரலையா?"

"இல்ல அண்ணி. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அவரு தங்கமான மனுஷனாச்சே" என்றாள் ஈரக்கா.

அவள் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. மாப்பிள்ளை மருந்துக் கடை வைத்திருக்கிறார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, குரல் உயராது. மருந்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்காப் பொட்டலங்களை எறியாமல் சேர்த்துவைத்து, வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து ஈரக்காவிடம் கொடுப்பார். அவள் அவற்றை வாணலியில் வறுத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்துவாள். சொந்தக்காரர்களில் அவள் தொழிலை மதித்த ஒரே ஆள் அவர்தான் என்று பெருமை வேறு.

எங்கே படுக்க வைப்பது என்பதுதான் அன்றைய பிரச்சினை. டிரைவர் வேலை முடிந்து வந்து, தங்கையைப் பார்த்து, குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, கட்டிலைப் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பூனை படுக்கத்தான் இடம் இருந்தது. பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அந்த மனுஷன் பேருந்தில் ஹாரன் அடிப்பதற்குக்கூட யோசிக்கிறவர்.

"என்னங்க பாக்கறீங்க? உள்ள படுக்க வைக்கலாம்னா?" என்றாள் ஈரக்கா.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாமச் சொல்லுறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல." கொஞ்ச நேரம் ஈரமானியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "சரி. ரெண்டு டப்பா கூட வைக்கிறேன். ஆனா ஈரத் துணி உள்ள போகக் கூடாது. தலை காயாமப் படுக்கக் கூடாது. தண்ணிச் செம்பு வாசலுக்கு வெளிய. ஜன்னலைத் தொடவே கூடாது. புரியுதாம்மா?"

"புரியுது அண்ணி."

கோட்டுகளை ஒரு பக்கமாக நெருக்கி, சுவரோரம் பாய் விரித்தார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உள்ளே ஆள் இருக்கிற அறை இல்லையே, உள்பக்கம் எதற்கு என்று அப்படிப் போட்டிருந்தார்கள். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஒரு வாரம் போயிருக்கும். ரொட்டி வாங்கக் கீழே போனபோது குட்டி படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. தேம்பித் தேம்பி, ஆனால் அவசரமாக, ஒரு வேலையை முடிப்பது போல அழுதது.

"யாருடி செல்லம் அடிச்சது?"

"யாரும் அடிக்கல. பொம்மையை விட்டுட்டு வந்துட்டோம்."

"அதுக்கு ஏன் இங்க வந்து உக்காந்திருக்க? உள்ள போய் அம்மாகிட்ட அழேன்."

"உள்ள அழக் கூடாது" என்றது. "ஈரமாயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டில் உட்காரவைத்து, "இங்க எவ்வளவு வேணா அழு, என் வீடு ஏற்கெனவே ஒழுகுது" என்றேன். ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்ததும் அழ மறந்துவிட்டது. தாயும் தூங்கும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்கிறாள் என்று அதுவே சொன்னது. மூச்சு துண்டோடு போகட்டும், கோட்டுக்குப் போக வேண்டாம் என்று!

ஈரக்கா கெட்டவள் இல்லை. நாத்தனாருக்கு முட்டை அவித்துக் கொடுப்பாள், குட்டிக்குத் தலை வாரிவிடுவாள், சூப்பில் முதல் கிண்ணம் அவர்களுக்குத்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் கண் போவது டப்பாக்களுக்கு. வழக்கமாக வாரக் கணக்கில் தாங்குகிற டப்பா இப்போது சீக்கிரமே நிரம்பி வழிந்தது. ஊற்றினாள். உப்பு மாற்றினாள். மறுநாள் மறுபடி கீழ்த்தட்டில் தண்ணீர். டப்பாவைக் கூட்டினாள். கூட்டக் கூட்டத் தண்ணீரும் கூடியது.

"ரெண்டு பேரு மூச்சுக்கு இவ்வளவா? யானை படுத்தாக்கூட இவ்வளவு வராதே" என்று என்னிடம் வந்து புலம்பினாள்.

"உப்புல ஏதாவது கலப்படம்?"

"உப்பு விக்கிறவனைத்தான் கிழிச்சுட்டு வந்தேன். பாவம், புது மூட்டையைப் பிரிச்சுக் காட்டறான்." என் அடுப்பைப் பார்த்தாள். "நீ எந்நேரமும் தண்ணி கொதிக்க வைக்கிறியே, அதுவா?"

"ஆமா, என் டீ ரெண்டு கதவைத் தாண்டி உன் வீட்டுக்குள்ள வருது. அடுத்து என்ன, மேகத்துக்கும் நான்தான் பொறுப்பா?"

புருஷனுடைய ஈரத் துண்டைத் திட்டினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். நாத்தனாரை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அது கேள்வியைவிட மோசம். அந்தப் பெண் பகலெல்லாம் உள்ளே போகாமல் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தாள். எப்போதும் வாசல் கதவு திறந்திருக்கிற பக்கமாகத்தான் உட்காருவாள். சாரல் காலில் பட்டாலும் நகரமாட்டாள்.

விஷயம் வெடித்தது கோட்டுக் கடைக்காரர் வந்த அன்று. ஈரக்காவின் அறையில் பாதி அவர் சரக்கு. மழை முடிந்து குளிர் வந்தால்தான் கோட்டு விற்கும். அதுவரை அவள்தான் காப்பாற்றித் தர வேண்டும். வெளியூர் போகிற ஒருவருக்கு அவசரமாக ஒரு கோட்டு தேவைப்பட்டது என்று வந்தார். உறையை நீக்கி, காலரைத் திருப்பியவர் அப்படியே நின்றார். காலருக்கு அடியில் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அடுத்த கோட்டிலும் இருந்தது. அதற்கடுத்ததில் கைமடிப்பில்.

அவர் கத்தவில்லை. மூக்கைச் சுருக்கி அறையைச் சுற்றிப் பார்த்தார். பாய், சுருட்டிய போர்வை, குட்டியின் சின்னச் செருப்பு.

"இது எப்பலேர்ந்து சத்திரமாச்சு?"

"என் நாத்தனாருங்க. கொஞ்ச நாள்தான்" என்றாள் ஈரக்கா. அவள் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"உங்க வீட்டு விவகாரத்துல நான் தலையிடல. ஆனா ஆளு படுக்கிற எடத்துல கோட்டை வைக்கிறதுக்கு என் கடை என்ன மோசம்? ஒண்ணு ரூம்ல கோட்டு இருக்கணும், இல்ல ஆளு இருக்கணும். நாளைக்கு வண்டியோட வரேன். ஆளு இல்லைனா கோட்டு இருக்கும். ஆளு இருந்தா கோட்டை எடுத்துட்டுப் போயிடுவேன். தெருவுல கேட்டாங்கன்னா காரணத்தையும் சொல்லுவேன்."

அவர் இறங்கிப் போனார். அன்று டிரைவருக்கு விடுமுறை. மேசையில் உட்கார்ந்து ஆறிப் போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பேசாத மனுஷன் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"மழை முடியற வரைக்கும் அவ வீட்டுக்கே போய் இருக்கட்டுமே. மாப்ள ஒண்ணும் குடிக்கிறவரு இல்ல, அடிக்கிறவரு இல்ல. நல்ல மனுஷன்தானே. மழை முடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

நாத்தனார் எழுந்தாள். மூலையிலிருந்த துணிப் பையை எடுத்தாள். குட்டியின் ஃபிராக்கை மடித்து உள்ளே வைத்தாள். இன்னொன்றை மடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது என் வீடு இல்லையே. ஈரக்கா எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குள் போனாள். தோற்றது எங்கே என்று தெரியாமல் அவளால் இருக்க முடியாது. ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்தாள். சுவரைத் தடவினாள். அப்புறம் ஜன்னல்.

"யாரு இதை உரிச்சது?"

நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் நாடா ஒட்டியிருந்தது போலத்தான் இருந்தது. ஈரக்கா விரல் வைத்ததும் பொட்டென்று விழுந்தது. பசை போய், தூசி படிந்து, திரும்பத் திரும்ப உரித்து ஒட்டிய நாடா.

"யாருனு கேட்டேன்!"

"நான்தான் அண்ணி" என்றாள் நாத்தனார், பையைப் பிடித்தபடி. "தினம் படுக்கறப்போ கொஞ்சமா தொறந்துப்பேன். ஒரு கை அளவுக்குத்தான். காலையில நீங்க எந்திரிக்கறதுக்குள்ள ஒட்டிடுவேன்."

"அறிவிருக்கா உனக்கு? தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஏன்டி? எதுக்கு? காத்து வேணும்னா என்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா வேற எடமில்லைன்னு ஆயிடுமேன்னு பயந்தேன்."

"மூடியிருந்தா உனக்கு என்ன?"

நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

"அவரு அடிக்க மாட்டாரு அண்ணி. அண்ணன் சொல்றது சரிதான். சத்தம்கூடப் போட மாட்டாரு. கடைக்குப் போறப்போ வெளிய பூட்டிட்டுப் போவாரு. திருட்டு பயம்னாரு. சரின்னு இருந்தேன். அப்புறம் ஜன்னல்ல நின்னு யார்கிட்டப் பேசறேன்னு கேட்டாரு. ஜன்னலுக்குத் தகரம் அடிச்சாரு. மழைச் சாரலுக்குன்னு சொன்னாரு. சாப்பாடு, துணி, எல்லாம் வாங்கி வச்சிட்டுத்தான் போவாரு. ஒரு குறையும் வைக்கல. சாவி மட்டும் ஒண்ணே ஒண்ணு."

"எத்தனை நாளா?" என்றார் டிரைவர்.

"குட்டி நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து. போன மாசம் அதுக்கு அனலாக் கொதிச்சுது. நான் உள்ளேர்ந்து கதவைத் தட்டினேன். கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. வந்து பூட்டைப் பாத்தாங்க. 'அவரு வரட்டும்மா, வந்து மருந்து குடுப்பாரு'ன்னுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அவரு குளிக்கப் போனப்போ சாவியை எடுத்துத் தொறந்துட்டு வந்துட்டோம்."

மருந்துக் கடைக்காரர் பிள்ளை மருந்தில்லாமல் கிடந்திருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறக்கிவிடுகிற மனுஷன், தன் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க மாட்டார். நல்ல மனுஷனாம்! நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

"இங்க வந்து மொத நாள் படுத்தேன் அண்ணி" என்று நாத்தனார் சொன்னாள். "கதவைச் சாத்துனீங்க. தாழ்ப்பாள் வெளிய இருக்கு. நீங்க போட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா உடம்புக்குத் தெரியல. மூச்சு முட்டுச்சு. அதான் ஜன்னலை..." கையால் ஜன்னலைக் காட்டினாள். "கோட்டு கெட்டது என்னாலதான். நான் போயிடறேன்."

ஈரக்கா அவளையே பார்த்தாள். பிறகு ஈரமானியைப் பார்த்தாள். முள் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி ஜன்னலுக்குப் போனாள். மேல்நாடாவின் நுனியில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பு. பக்கவாட்டு நாடாவை இழுத்தாள். அடிநாடாவை இழுத்தாள். உரிந்ததையெல்லாம் சுருட்டி எறிந்துவிட்டு இரண்டு கதவுகளையும் படாரென்று வெளியே தள்ளினாள். சாரல் நேராக உள்ளே வந்தது. கோட்டு உறைகள் படபடத்தன.

"ஏய், ஏய்! முள்ளு செகப்புக்குப் போகுது!" என்று பதறினேன் நான். பழக்க தோஷம்.

"போகட்டும்! நல்லாப் போகட்டும்!" அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "ரெண்டு டப்பா உப்பை வச்சிக்கிட்டு ஊர் மழையை மொத்தமாக் காய வைக்கப் பாத்திருக்கேன் தையலக்கா! வானத்துக்கு டப்பா வச்சிருக்கேன்! என்னை மாதிரி லூசு எங்கேயாவது உண்டா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, புருஷன் பக்கம் திரும்பினாள். "அடிக்கலையாம். குடிக்கலையாம். மழை முடியற வரைக்கும் போய் இருக்கணுமாம். நீங்க போய் இருந்து பாக்கறீங்களா ஒரு நாள்? பஸ்ஸுக்குள்ள வச்சு வெளிய பூட்டட்டுமா?"

டிரைவர் தலை குனிந்திருந்தார். "எனக்குத் தெரியாதுடி" என்றார்.

"எனக்கும்தான் தெரியாது. 'உள்ள வராத'ன்னேன் நானு, வந்த அன்னிக்கு. மொத வார்த்தை." நாத்தனாரின் பையைப் பிடுங்கி, மடித்து வைத்த ஃபிராக்குகளை எடுத்துப் பாயில் கொட்டினாள். "எங்கேயும் போகப் போறதில்ல நீ. கேட்டுக்கோ. இது உன் ரூம்."

"கோட்டுங்க, அண்ணி?"

"கோட்டுக்கு ரூம் எதுக்குடி? அதுக்கு என்ன, ஜன்னல் பக்கம் நின்னு தெருவைப் பாக்கணுமா? பெட்டி போதும்."

மறுநாள் முழுக்க அந்த வேலைதான். சோப்புக் கம்பெனிக் கிடங்கிலிருந்து டிரைவர் பெரிய பெரிய நீல டிரம்களைக் கொண்டுவந்தார். ரப்பர் வளையம் வைத்து மூடி இறுகுகிற டிரம்கள். அவற்றைக் கழுவி, துடைத்து, அடுப்பனலில் காட்டி எடுத்தோம். நாத்தனாரும் நானும் வராந்தாவில் கோட்டுகளை விரித்து, தூரிகையால் பூஞ்சையைத் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டோம். தும்மித் தும்மி மூக்குச் சிவந்துவிட்டது. ஈரக்கா வாணலியில் சிலிக்காப் பொட்டலங்களைக் கடலை மாதிரி வறுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு டிரம்மிலும் அடியில் ஒரு உப்பு டப்பா. கவிழ்ந்துவிடாமல் அதற்கு மேல் வலைத் தட்டு, தட்டுக்கு மேல் கோட்டுகள், நடுநடுவே பொட்டலங்கள். மூடியைச் சுற்றி நாடா.

"சின்ன எடத்துக்குக் கொஞ்சம் உப்பு போதும். இது இத்தனை வருஷமா என் மண்டையில ஏறல பாரு" என்றாள்.

"உன் மண்டையும் காத்துப் புகாம நாடா போட்டுத்தானே வச்சிருந்த" என்றேன். கரண்டியை ஓங்கினாள்.

டிரம்கள் கட்டிலுக்கு அடியில் போயின. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் அடுக்கினோம். என் வீட்டில் மூன்று வந்து உட்கார்ந்தன. அவற்றின் மேல் பலகை போட்டுத் துணி வெட்டுகிறேன், நல்ல உயரம். முன்னறையில் இப்போது பூனைகூடப் படுக்க முடியாது.

கோட்டுக் கடைக்காரர் சொன்னபடி அன்று சாயங்காலம் வண்டியோடு வந்தார். தன் கோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தன. அவர் கண்ணுக்கும் அது தெரிந்தது.

"ஆளு போயாச்சா?" என்றார்.

"இல்லைங்க. ஆளுதான் இருக்கும்."

"யோசிச்சுத்தான் பேசறீங்களா? பாதிச் சரக்கு என்னோடது."

"டிரம்முல வச்சு முன்னை விடக் காய்ஞ்சதாத் தரேன். இருக்கட்டும்னா இருக்கட்டும். ஆனா அந்த ரூம் இனிமே கோட்டுக்கு இல்ல. எடுத்துட்டுப் போறதுன்னா வாசல் தொறந்திருக்கு."

எடுத்துக்கொண்டுதான் போனார். நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஈரக்கா அந்தக் காலியான டிரம்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "அடுத்த மழைக்கு அவரே தேடிக்கிட்டு வருவாரு" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் "வருவாரு, வருவாரு" என்று சொன்னேன்.

டிரைவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது அப்போதுதான். யாரும் சொல்லவில்லை. உள்ளறைக் கதவின் வெளிப்பக்கம் மண்டியிட்டு, துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாழ்ப்பாளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கதவின் உள்பக்கம் வைத்து, தங்கையைக் கூப்பிட்டார்.

"கையைத் தூக்கும்மா. எந்த உயரம் வசதி?"

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த இடத்தில் முடுக்கினார். அவள் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி போட்டாள். உள்ளே நின்று அவள் வெகு நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். வெளியே டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வந்தது அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியானம். நான் அவர் படியேறுவதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினேன். குடையை வாசலுக்கு வெளியே மூன்று தடவை உதறி, ஓரமாகச் சாய்த்து வைத்தார். கையில் வழக்கமான பை, நிறையச் சிலிக்காப் பொட்டலங்கள். நானும் ஒரு கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்தவள் போல எதிர் வீட்டுக்குள் போய் நின்றேன்.

"மச்சான், சௌக்கியமா? தங்கச்சி, இந்தா, உனக்குச் சேத்து வச்சது" என்று ஈரக்காவுக்குக் காட்டிப் பையை மேசையில் வைத்தார். "கோட்டுக் கடைக்காரரைப் பாத்தேன். எல்லாம் சொன்னாரு. எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. இவளால உங்க பொழப்பும் கெட்டுப் போச்சே."

"கெட்டது பொழைச்சுக்கும் அண்ணே" என்றாள் ஈரக்கா.

"அவளுக்குப் பொறுப்பு பத்தாது. அதனாலதான் நான் வீட்டுல கொஞ்சம் கண்டிப்பா இருக்கேன். எல்லாம் அவ பாதுகாப்புக்குத்தான். இங்க பாருங்க, படுக்கக்கூட எடம் இல்லாம டிரம்மா அடுக்கி வச்சிருக்கீங்க. பாவம் நீங்க. கூட்டிட்டுப் போயிடறேன்."

"எடமா? எடத்துக்கு என்ன குறைச்சல்?" ஈரக்கா உள்ளறைக் கதவை அகலத் திறந்தாள். "வாங்க. வந்து பாருங்க."

ஜன்னல் இரண்டு கதவும் திறந்து கிடந்தது. மழை ஓய்ந்து தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈரமானியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் குட்டியின் ஃபிராக்கை மாட்டியிருந்தார்கள். நாத்தனார் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"மழைக்காலத்துல ஜன்னலை இப்படித் தொறந்து போடலாமா? சுவரெல்லாம் பாழாயிடுமே" என்றார் அவர். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

முன்னறையில் டிரம் மேல் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். "அப்பாகிட்ட வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம். பொம்மை உன்னைத் தேடுது."

குட்டியின் வாய் கோணியது. பழக்கத்தில் இறங்கி வாசல் பக்கம் ஓடியது, படிக்கு, அழுவதற்கு. பாதியில் நின்றது. திரும்பி உள்ளறைக்குள் ஓடிப் போய், பாயில் குப்புற விழுந்து, வீடே அதிர ஓவென்று அழுதது.

"நல்லா அழுடி என் ராசாத்தி!" என்றாள் ஈரக்கா. "எவ்வளவு ஈரமானாலும் ஆகட்டும்!"

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க" என்று மாப்பிள்ளை டிரைவர் பக்கம் திரும்பினார். டிரைவர் வாசலை விட்டு நகர்ந்து, அவர் வெளியே போக வழி விட்டு நின்றார். அதற்கு மேல் அந்த மனுஷனால் எப்படிச் சொல்ல முடியும்?

"நான் வரல" என்றாள் நாத்தனார். ஜன்னலோரத்திலிருந்து நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். "குட்டியும் வராது. நீங்க போங்க."

"உள்ள வந்து நான் பொறுமையா ஒரு வார்த்தை..." என்று அவர் ஒரு அடி வைத்தார்.

அவள் வந்து கதவைச் சாத்தினாள். ஓங்கி அறையவில்லை, நிதானமாகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஈரக்கா பொட்டலப் பையை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். நல்ல பொட்டலங்கள், எனக்கே மனசு அடித்துக்கொண்டது. அவர் அதை வாங்கிக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவருடைய மறு கை, தினமும் செய்து பழகிய கை, தானாக எழுந்து கதவின் மேல்பக்கம் போய்த் தடவியது. அங்கே திருகாணி இருந்த ஓட்டைகள்தான் இருந்தன.

"அங்க ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் ஈரக்கா. "கழட்டி உள்ள போட்டாச்சு."